யோகராஜாவுக்குச் சேதி சொன்ன விதம்

டேனிஷ் நகரான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகியும் யோகராஜா ஒருநாளும் ஆற்றங்கரையில் சும்மா நடந்ததில்லை. டேனிஷ்காரர் நடப்பார்கள். மழையிலும் நடப்பார்கள், நாயோடு நடப்பார்கள், நாய் செத்த பிறகும் அதே பாதையில் தனியாக நடப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், எங்கேயுமில்லை, நடக்கிறோம் என்பார்கள். யோகராஜாவுக்கு அது விளங்கியதே இல்லை. விடிய ஐந்தரைக்கு இறைச்சி ஆலைக்குப் போய், எட்டு மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்று பன்றித் தொடையில் எலும்பு எடுக்கிற மனுஷன், பின்னேரம் வந்து கால் இரண்டையும் கதிரையில் தூக்கிப் போட வேண்டும். அதற்கு மேலே என்ன நடை?

அதனால்தான் அந்த வியாழக்கிழமை மனைவி அருள்மலர் சொன்னது அவருக்குப் புதினமாக இருந்தது. கிறிஸ்து பரமேறிய நாள். நாடு முழுக்க லீவு. காலையில் சபைக்குப் போய் வந்து, அவர் சேர்ட்டைக் கழற்றுவதற்கிடையில் அவள் வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, ஆத்தங்கரைப் பக்கம் ஒருக்கா நடந்திட்டு வருவமே? அங்காலை ஒரு குறோவும் இருக்காம். அங்கையே மத்தியானம் சாப்பிடலாம்.”

குறோ என்பது கிராமத்துச் சாப்பாட்டுக்கடை. பியரும் விற்பார்கள், வழிப்போக்கருக்குப் படுக்க அறையும் கொடுப்பார்கள். அருள்மலர் வெளியே சாப்பிடுகிற ஆள் இல்லை. ஜெர்மனிக்குப் போனாலும் புட்டுப் பெட்டியோடு போகிறவள். யோகராஜா சேர்ட்டின் தெறியில் கைவைத்தபடி அவளைப் பார்த்தார்.

“நீ என்ன, டேனிஷ்காரியாகிட்டியோ?”

“போங்கோப்பா. நாலு நாளா ரீவிக்கு முன்னாலை இருந்து இருந்து உங்கடை முகமே கறுத்துப்போச்சு. காத்துப் படட்டும்.”

அது உண்மைதான். திங்கட்கிழமை, ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னார்கள். ஆலையில் பக்கத்தில் நிற்கிற டேனிஷ்காரன், நல்லவன், கையுறையைக் கழற்றிக் கைகொடுத்து, “உங்கள் சண்டை முடிந்துவிட்டதாமே, வாழ்த்துக்கள்” என்றான். யோகராஜா நன்றி சொன்னார். வேறு என்ன சொல்வது? அவருடைய டேனிஷ் கத்திக்கும் எலும்புக்கும் லீவுக்கும் காணும். இதற்குக் காணாது.

வன்னிக்குள் அவருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா சின்னமணி, புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லை. தம்பி இரத்தினசிங்கம், கல்யாணம் கட்டவே இல்லை, விசுவமடுவில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தான். அக்காவும் தம்பியோடுதான். தை மாதத்துக்குப் பிறகு இருவரிடமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தை மாதத்துப் போனில் யோகராஜா தம்பியோடு சண்டை போட்டார். அக்காவையும் கூட்டிக்கொண்டு கெதியாய் வெளியே வா என்று கத்தினார். “நீ அங்கை பண்டிக்கு எலும்பெடு, இஞ்சத்தை அலுவலை நான் பாக்கிறன்” என்றான் அவன். “செத்துத் துலையப்போறாய், மடையா” என்றார் இவர். லைன் அறுந்துவிட்டது. அந்த வசனத்தோடேயே அறுந்துவிட்டது.

சரி, நடப்போம் என்று வெளிக்கிட்டார். கார் கதவைத் திறக்கப் போன இடத்தில் மகள் தபிதா கையை நீட்டினாள். அவளுக்கு ஓகூஸ் நகரத்தில் நேர்ஸ் படிப்பு. பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்க, கேட்காமல் கொள்ளாமல் நேற்றிரவு ரயிலேறி வந்திருந்தாள்.

“அப்பா, திறப்பைத் தாங்கோ. நான் ஓடுறன்.”

“ஏன், எனக்குக் கண் தெரியேல்லையோ?”

அவள் டேனிஷில் ஏதோ பகிடி சொல்லி, திறப்பைக் கையிலிருந்து எடுத்துவிட்டாள். யோகராஜா பக்கத்து சீற்றில் ஏறினார். அப்போதுகூட அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண் முன்னால் இருப்பது தனக்கு வரும்போதுதான் மனுஷனுக்குத் தெரியாமல் போகிறது.

இந்த இடத்தில் யோகராஜாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர்த் தமிழ்ச் சனத்துக்கு ஊரிலிருந்து வரும் சாவுச் சேதியைச் சொல்கிறவர் அவர்தான். யாரும் நியமித்ததில்லை. எண்பத்தெட்டில் முதன்முதல் வீட்டுக்குப் போன் எடுத்தவர் அவர். அதனால் சேதி அவர் வீட்டுக்கு வந்தது. அழாமல் சொல்லக்கூடியவரும் அவர்தான். அதனால் பிறகு எல்லார் வீட்டிலும் போன் வந்தும், ஊர்ச்சனம் அவருக்கே எடுத்தது. “யோகராஜா அண்ணை, நீங்களே ஒருக்காப் போய்ச் சொல்லிவிடுங்கோ.” இதுவரை பதினேழு பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

செய்யச் செய்ய அதற்கொரு முறை வந்துவிட்டது. முதல் ஆள் நீக்கிலாஸ். அவனுடைய தகப்பன் செத்ததை அவன் வீட்டுச் சோபாவில் வைத்துச் சொன்னார். நீக்கிலாஸ் பிறகு அந்தச் சோபாவில் ஒருநாளும் இருக்கவில்லை, கடைசியில் இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போட்டான். அதோடு யோகராஜா வீட்டில் வைத்துச் சொல்வதை விட்டார். வெளியே கூட்டிப்போவார். பீற்றருக்குத் தாய் செத்தது சொன்னபோது, அவன் எழும்பிப் போய்க் காரை எடுத்துவிட்டான். நாற்பது கிலோமீற்றர் தள்ளி, கடற்கரையில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க உள்ளே இருந்தவனைப் பொலிஸ்தான் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு முதலில் கார்த் திறப்பை வாங்கி வைத்துக்கொள்வார். சொல்வதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வைப்பார், சொன்ன பிறகு இரண்டு நாளைக்கு ஒன்றும் இறங்காது. அந்தச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பது அருள்மலர். நம்முடைய சனம் சொல்கிற மாதிரி, கடுமையாம், ஆஸ்பத்திரியில் வைச்சிருக்காம் என்று இழுக்க மாட்டார். பெயர், சாவு, நாள். ஒரே வசனம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவார். மிச்சத்தைப் பாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

ஸ்டோரோ ஆறு அன்றைக்கு நல்ல வடிவாய்த்தான் இருந்தது. பெரிய ஆறென்று பெயர், அகலமென்னவோ நம்மூர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் கூட. மே மாதத்து வெயில். இரண்டு பக்கமும் வெள்ளைப் பூப் பற்றைகள், மேட்டில் மஞ்சள் வயல், புதிதாய்ப் புல்லுக்கு விட்ட மாடுகள் குதித்துக்கொண்டு நின்றன. இடுப்பளவு தண்ணீரில் ரப்பர்க் காற்சட்டையோடு ஒருவன் தூண்டிலை வீசுவதும் இழுப்பதுமாய் நின்றான்.

“இவன் பிடிச்சால் திருப்பி விட்டிடுவானாம்” என்றார் யோகராஜா. “ஆலையிலை ஒருத்தன் சொன்னவன். நாள் முழுக்க நிண்டு பிடிச்சு, கொஞ்சிப்போட்டு விடுறதாம். இதுக்குப் பேசாமல் நடக்கலாம்.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அருள்மலர் சபைக்கு உடுத்த சேலையோடு, காலில் வேலைக்குப் போடுகிற சப்பாத்தோடு முன்னால் விறுவிறு என்று போனாள். அவளுக்குக் கமூன், அதாவது நகரசபை, நடத்தும் முதியோர் விடுதியில் வேலை, எப்போதும் அந்த நடைதான்.

“எங்கையடி, கலியாண வீட்டுக்கே போறம்? மெல்ல நட.”

“ரெண்டு மணிக்கு முதல் சாப்பிட்டு முடிக்கவேணும்.”

“ஏன், ரெண்டுக்குப் பிறகு சாப்பாடு தாறேல்லையோ?”

அவள் இன்னும் வேகமாய் நடந்தாள். தபிதா அவருடைய கைக்குள் கையைக் கொடுத்தாள். பன்னிரண்டு வயதில் விட்ட பழக்கம் அது. காதில் எப்போதும் மாட்டியிருக்கிற பாட்டு வயரும் இல்லை. யோகராஜா நடந்துகொண்டே அந்தக் கையைப் பார்த்தார். வெளியில் கூட்டிவந்திருக்கிறார்கள். திறப்பு அவளிடம் இருக்கிறது. இனிச் சாப்பாடு.

சீ, என்ன விசர் நினைப்பு, என்று தலையை உதறினார்.

குறோ ஆற்று வளைவில் இருந்தது. வெள்ளை அடித்த நீளக் கட்டடம், பதிவான கூரை, பின்பக்கம் ஆற்றைப் பார்த்தபடி புல்வெளி. உள்ளே நாலைந்து கிழவர்கள் பியரோடு இருந்தார்கள். ஆள்களைப் பார்த்து, தலையை ஆட்டி, திரும்பத் தங்கள் கதைக்குப் போனார்கள். இவர்கள் மூவரும் யன்னல் மேசையில் இருந்தார்கள். கடைக்கார அம்மா எழுதுகிற கொப்பியோடு வந்தாள். அருள்மலர் சாப்பாட்டு அட்டையைக் கையிலும் எடுக்கவில்லை.

“மீன். மூன்று பேருக்கு” என்றாள் தனக்குத் தெரிந்த டேனிஷில். “அவருக்குப் பெரியது.”

முழுத் தட்டைமீன், வெண்ணெயில் பொரித்து, அவித்த உருளைக்கிழங்கோடு வந்தது. தட்டுக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“வயிறு நிறையச் சாப்பிடுங்கோ” என்றாள் அருள்மலர்.

அந்த வசனம் அவருடையது. பதினேழு பேருக்கு அவர் சொன்ன வசனம்.

யோகராஜா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு திரும்ப எடுத்தார். ஒரு துண்டு மீன் வாயில் வைத்தார், ருசி தெரியவில்லை. ஒரு வழியிருந்தது, சோதித்துப் பார்க்க. ஆறு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவர் குடிவகை தொட்டதில்லை. பீற்றரின் மகள் கல்யாணத்தில் யாரோ கையில் திணித்த கிளாஸை, அருள்மலர் மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த பார்வையிலேயே கீழே வைத்தவர்.

கடைக்கார அம்மாவைக் கை காட்டிக் கூப்பிட்டார். “எனக்கு ஒரு பியர்” என்றார், தேவைக்கு மேல் சத்தமாய்.

தபிதா தாயைப் பார்த்தாள். அருள்மலர் யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள்.

“ஒண்டுதானே” என்றாள். “குடியுங்கோ.”

அவ்வளவுதான். இனிச் சந்தேகமில்லை. பியர் வந்து நுரையோடு முன்னால் இருந்தது, அவர் தொடவில்லை.

பதினேழு தடவை மேசையின் அந்தப் பக்கம் இருந்தவருக்கு முகம் வாசிக்கத் தெரியும். அருள்மலர் நிமிர்ந்து இருக்கிறாள், மீனில் நிதானமாய் முள் எடுக்கிறாள். அக்கா, தம்பி இரண்டு பேருமென்றால் இப்படி இருக்கமாட்டாள். அப்படியானால் ஒருவர். யார்?

மெல்லச் சாப்பிட்டார். தட்டு முடிந்தால் சொல்லிவிடுவாள் என்று தெரியும், அதனால் ஒரு கிழங்கை நாலாய் வெட்டி, நாலையும் எட்டாய் வெட்டினார். அருள்மலர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிழங்கு கேட்டார். சப்பிக்கொண்டிருக்கையில் நினைப்பு அவரைக் கேட்காமலே ஓடியது. அக்கா. அவருக்கு எட்டு வயதில் தாய் செத்த பிறகு சோறு போட்டவள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஐந்தாம் வகுப்பில் ஓடிவந்தபோது, பூவரசங்கம்பால் அடித்துவிட்டுத் தானும் அழுதவள். அக்காவாக இருக்கக்கூடாது, ஆண்டவரே. அக்காவாக இருக்கக்கூடாது.

சப்புவதை நிறுத்தினார். அக்கா இல்லையென்றால் அது யாரென்று அவருக்குத் தெரியாதா? இரண்டு பேரில் ஒருவரைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மற்றவனைக் கொடுத்தாயிற்று. மீன் சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தாயிற்று.

தட்டைத் தள்ளி வைத்தார். பாதி மீன் அப்படியே கிடந்தது.

“ஆர், அருள்?”

அவள் வாயைத் திறந்தாள். “நீங்கள் முதல் சாப்பிட்டு...”

“நான் ஒருத்தருக்கும் இழுத்தடிச்சுச் சொன்னதில்லை. சொல்லு.”

அருள்மலர் மகளைப் பார்த்தாள். தபிதாதான் சொன்னாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் டேனிஷில் பதில் சொல்கிறவள், இதைத் தமிழில் சொன்னாள். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

“இரத்தினம் சித்தப்பா செத்துப்போனார், அப்பா. போன வெள்ளிக்கிழமை. தண்ணி எடுக்கப் போன இடத்திலை ஷெல் விழுந்தது. சின்னமணி மாமி இருக்கிறா. வவுனியா முகாமிலை இருக்கிறா.”

பெயர், சாவு, நாள். பிள்ளை சரியாய்த்தான் சொன்னாள். யோகராஜாவுக்குள் முதலில் இறங்கியது ஒரு மூச்சு. அக்கா இருக்கிறா. அந்த மூச்சு முழுக்க இறங்குவதற்கு முன்னமே அது என்ன மூச்சென்று அவருக்கு விளங்கிவிட்டது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பக்கத்து மேசைக் கிழவன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாய்க் கிளாஸைப் பார்த்தான்.

“எப்ப தெரியும்?”

“செவ்வாய் இரவு” என்றாள் அருள்மலர். “நீங்கள் குளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். மச்சாள்தான் எடுத்தவ. முகாமிலை நிரோஜா எண்டொரு நேர்ஸ் பிள்ளையிட்டை போன் இருக்காம்.”

“ரெண்டு நாளா எனக்குச் சோறு போட்டுக்கொண்டு நிண்டிருக்கிறாய்.”

“லீவு நாள் மட்டும் பொறுக்கச் சொல்லிப் பீற்றரண்ணை சொன்னவர். வீட்டிலை வைச்சுச் சொல்லாதேங்கோ, காரையும் குடாதேங்கோ எண்டு.”

“அவன் ஆர் எனக்குச் சொல்லித்தர?” என்றார் யோகராஜா. கோபமாய்த்தான் தொடங்கினார், குரல் நடுவழியில் உடைந்துவிட்டது. “அருள், நான் அவனைத்தான் குடுத்தனான்.”

“என்ன?”

“இப்ப. இஞ்சை இருந்து. அக்காவா இருக்கக்கூடாதெண்டு கேட்டன். அப்ப அவனைத்தானே குடுத்தனான்?”

அருள்மலர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. அவர் போனது வெள்ளிக்கிழமை. நீங்கள் கேட்டது இண்டைக்கு. உங்கடை கேள்வி அங்கை போய்ச் சேர முதலே அவர் போயிட்டார்.”

“எண்டாலும்.”

“எண்டாலும்தான்.” அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நான் செய்ததைக் கேளுங்கோ. போனிலை மச்சாளின்ரை குரலைக் கேட்டதும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஆண்டவரே ஸ்தோத்திரம் எண்டு கத்தத் தொடங்கிட்டன். நிப்பாட்ட ஏலேல்லை. நான் துதிச்சு முடியுமட்டும் அவ பேசாமல் நிண்டவ. பிறகுதான் சொன்னவ, தம்பி இல்லை எண்டு.”

தபிதா டேனிஷில் மெல்ல, “அம்மா, அது பரவாயில்லை” என்றாள். அருள்மலர் தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா தெரியாது.

மணி இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அருள்மலர் கைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அங்கை ஐஞ்சரைக்கு அந்தப் பிள்ளை மச்சாளைக் கூட்டிக்கொண்டு வந்து நிண்டுகொள்ளுமாம். அதுதான் ரெண்டு மணி, ரெண்டு மணி எண்டு பறந்தனான். நீங்கள் கதைக்கவேணும்.”

“நான் என்னத்தைக் கதைக்க?”

பதினேழு பேருக்குச் சொன்னவருக்கு அது உண்மையிலேயே தெரியாது. சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர் அவர். வாசலைத் தாண்டிய பிறகு அந்தந்த வீடுகளில் என்ன கதைத்தார்கள் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவால் புல்வெளிக்குப் போனார். நம்பரைத் தபிதாதான் அமத்திக் கொடுத்தாள். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரைச்சல், யாரோ பிள்ளை அழுகிற சத்தம், ஒரு பெண்பிள்ளை, “கதையுங்கோ அம்மா, கதையுங்கோ” என்றது.

“ராசாவே?” என்றாள் அக்கா. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

“ஓம் அக்கா.”

“சொல்லிப்போட்டினமோ?”

“ஓம்.”

“அழுறியோ?”

“இல்லை.”

“பொய் சொல்லாதை. சரி கேள். நான் முதலிலை இருந்து சொல்லுறன். நீ குறுக்கை ஒண்டும் கதைக்காதை. இஞ்சை ஆருக்கும் சொல்ல ஏலாது ராசா, எல்லாரிட்டையும் தங்கடை தங்கடை கதை இருக்கு. ஆரும் மற்றாளின்ரை கேக்கினமில்லை. நீ கேக்கிறியே?”

“நேர்ஸ் பிள்ளைக்குப் போன் தேவையில்லையே?”

“அவள் இருக்கட்டும் எண்டிறாள். நீ கேக்கிறியே?”

“கேக்கிறன்.”

“உன்னோடை சண்டை பிடிச்சவனெல்லே, அண்டைக்கு இரவு முழுக்க அவன் நித்திரை கொள்ளேல்லை. அண்ணை சொன்னது சரிதானக்கா, ஆனா கடையிலை ஆறு சைக்கிள் சனத்தின்ரை கிடக்கு, அதைக் குடுக்காமல் எப்பிடி வாறது எண்டவன். ஆறையும் பூட்டிக் குடுத்திட்டுத்தான் வெளிக்கிட்டவன். மாசி மாசம்...”

யோகராஜா ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தூண்டில்காரன் இன்னும் தண்ணீரில்தான் நின்றான். அக்கா பாதை பாதையாய்ச் சொன்னாள். எந்த மரத்தடியில் சமைத்தது, மேலே கட்டத் தறப்பாள் யாரிடம் வாங்கியது, எந்தப் பாலத்தில் இரத்தினம் அவளைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது, அரிசி முடிந்த நாளில் அவன் என்ன பகிடி விட்டது. இடைக்கிடை, “கேக்கிறியே?” என்றாள். “ஓம் அக்கா” என்றார்.

பின்கதவால் தபிதா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்துகொண்டார். யன்னலுக்குள்ளே அருள்மலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கடைக்கார அம்மா வந்து ஏதோ கேட்டாள், அருள்மலர் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.

அக்கா தன் கதையில் இப்போதுதான் மாத்தளன் மட்டும் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் தூரம் இருந்தது.